599-இல் நிற்கும் மர்மம்

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கத்து மக்களுக்கு ஒரு குஷியான சேதி. கொஞ்சம் திகிலான சேதியும்கூட. கணினிக்குள் உட்கார்ந்தபடியே வெளியில் ஓடுகிற இயந்திரத்தை உடைக்க முடியும் என்று உலகத்துக்கே காட்டிய வைரஸ் ஒன்று உண்டு. அது எந்தச் சாமானைத் தேடி ஊர் ஊராக அலைந்ததோ, அதன் ஒன்றுவிட்ட தம்பிகள் உங்கள் ஊர் சைசிங்கிலும் ஓஇ நூற்பு மில்லிலும் வரிசையாக மாட்டிக் கிடக்கிறார்கள். ராக்கெட் இல்லை, ரேடார் இல்லை. டிரைவ்! மோட்டாரை அலுங்காமல் கிளப்பி, வேண்டிய வேகத்தில் ஓட்டுகிற, சிவப்பு எழுத்தில் 50.00 என்று மினுக்கிக்கொண்டே இருக்கிற அதே டிரைவ்.

இது தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனல் ரூமுக்குள் ஒரு தரம் விடுவார்களா என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டு நச்சரித்தேன். கடைசியில் ஒரு சைசிங் மில்லின் எலக்ட்ரீசியன் அண்ணன் இரக்கப்பட்டார். "வாங்க அம்மிணி, காட்டறேன். துப்பட்டாவ மட்டும் நல்லா முடிஞ்சுக்கோங்க. எதையும் தொட்றாதீங்."

உள்ளே போனதும் முதலில் மூக்கில் ஏறுவது கஞ்சி வேகும் வாசம். ஆயிரக்கணக்கான பாவு நூல்கள் ஒரே விரிப்பாகக் கஞ்சிப் பெட்டியில் முங்கி எழுகின்றன. ஆவி ஏற்றிய சிலிண்டர்களின் மேல் ஏறி இறங்கிக் காய்கின்றன. கடைசியில் பீமில் போய்ச் சுற்றிக்கொள்கின்றன. கேட்க எளிது. ஆனால் நூல் இழுபட்டால் அறும், தொய்ந்தால் சிக்கும். பீம் பருக்கப் பருக்க அது சுற்றும் வேகம் குறைந்துகொண்டே வரவேண்டும், பின்னால் வருகிற சிலிண்டர் அதோடு ஒத்துப் போகவேண்டும். ஒரு காலத்தில் இதையெல்லாம் மேஸ்திரியின் கை பார்த்துக்கொண்டது. இப்போது பிஎல்சி என்கிற குட்டிக் கணினி சொல்ல, டிரைவ்கள் கேட்கின்றன.

அந்தப் பிஎல்சியைப் பார்க்கத்தானே வந்தேன்! மில்லிலேயே ஏசி போட்ட இடம் பேனல் ரூம்தான். ஆபீஸ் ரூமில் ஃபேன். இரும்புக் கதவைத் திறந்தார் அண்ணன். உள்ளே கலர் கலராக ஒயர், ஒவ்வொரு ஒயரின் முனையிலும் பொடி எழுத்தில் நம்பர் போட்ட வளையம், டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் காண்டாக்டர்கள். நடுவில் சோப்பு டப்பா பெரிசில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு, பொட்டின் நடுவில் காய்ந்துபோன குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வைத்தது. எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. வல்லரசுகளின் உளவுத்துறைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து உடைக்கப் பார்க்கிற ஜாதி சாமான், இங்கே சந்தனம் இட்டுக்கொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

"இதுக்கு உச்ச வேகம் எவ்வளவுண்ணா?" என்று ஒரு டிரைவைக் காட்டிக் கேட்டேன். பொத்தானைத் தட்டி பாராமீட்டருக்குள் போனார். திரையில் வந்து நின்ற எண்: 599.00.

"அறுநூறுன்னு வெச்சா என்னவாம்?"

"கம்பெனிக்காரனே அப்படித்தானுங் குடுக்கறான். நமக்கென்ன, நாம ஐம்பதத் தாண்டப் போறதில்ல."

இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த 599-க்குப் பின்னால் இருப்பது அணுகுண்டு அரசியல். யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் எந்திரங்களுக்கு அசுர வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தர, 600 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போகக்கூடிய டிரைவ் வேண்டும். ஆகவே உலக நாடுகள் 600-ஐ ஒரு கோடாகக் கிழித்து வைத்திருக்கின்றன. அதைத் தொடுகிற டிரைவை விற்க ஏற்றுமதி அனுமதி, விசாரணை என்று ஆயிரம் வம்பு. எனவே பல கம்பெனிகள் 590, 599 என்று கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொள்கின்றன. கஞ்சி போடும் மெஷினுக்கும் ஈரானின் நடான்ஸ் செறிவூட்டு ஆலைக்கும் நடுவில் இருப்பது ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளிதான் என்று நான் சொல்ல, அண்ணன் டிரைவை ஒரு முறை புதிதாகப் பார்த்தார்.

நடான்ஸ் கதை தெரியாதவர்களுக்காக. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டில் வைரஸ்பிளாக்கடா என்கிற சின்னக் கம்பெனிக்கு ஈரானிலிருந்து ஒரு புகார் வருகிறது: கணினி தானாக அணைந்து அணைந்து எழுகிறது. அதை நோண்டப்போன செர்கேய் உலாசென் கையில் சிக்கியதுதான் ஸ்டக்ஸ்நெட். பிறகு சைமன்டெக் கம்பெனியின் ஆட்களும் ஜெர்மனியின் ரால்ஃப் லாங்னரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அவர்களுக்கே தலை சுற்றியது. விண்டோஸில் அதுவரை யாருக்கும் தெரியாத ஓட்டைகள் நான்கு. ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் கம்பெனிகளிடமிருந்து திருடிய டிஜிட்டல் கையெழுத்துகள். இத்தனை செலவும் எதற்கு? வங்கிக் கணக்கைக் கொள்ளையடிக்கவா? இல்லை. சீமென்ஸ் பிஎல்சி ஒன்று கிடைக்கிறதா, அதில் ஃபின்லாந்தின் வாகான் அல்லது ஈரானின் ஃபராரோ பாயா டிரைவ்கள் குறைந்தது 33 மாட்டியிருக்கின்றனவா, அவை 807 முதல் 1210 ஹெர்ட்ஸுக்குள் ஓடுகின்றனவா என்று பார்க்க! இல்லையென்றால் அது யாரையும் சீண்டாது.

இருந்தால்? அவசரமே படாது. ஓடுவதை நாள்கணக்கில் வேடிக்கை பார்க்கும். பிறகு ஒரு நாள் டிரைவ்களை 1410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி 15 நிமிடம் விரட்டும். அப்புறம் 1064-க்குக் கொண்டுவந்து நல்ல பிள்ளையாகிவிடும். 27 நாள் கழித்து மறுபடி வந்து, இம்முறை 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 50 நிமிடம் நடைபோட வைக்கும். திரும்ப 1064. நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற குழல் ஒன்றை இப்படி ஏற்றி இறக்கினால் அது எத்தனை நாள் தாங்கும்? ஏறக்குறைய 1000 சென்ட்ரிஃபியூஜ்கள் போயிருக்கலாம் என்று வெளியிலிருந்து கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்த வேலை என்று 2012-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டதில்லை.

என்னை நிஜமாக மயக்கியது உடைத்த விதம்கூட இல்லை, மறைத்த விதம். உள்ளே டிரைவ் தறிகெட்டு ஓடும்போது கன்ட்ரோல் ரூம் திரையில் எல்லாம் வழக்கம்போல இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. முன்பே பதிந்து வைத்த நல்ல எண்களை எடுத்து ஓட்டிவிட்டார்கள். நகைக்கடைத் திருட்டுப் படங்களில் காவலாளியின் டிவியில் பழைய காட்சியை ஓட விடுவார்களே, அதேதான். ஈரானியப் பொறியாளர்கள் நல்லாயிருக்கிற திரையைப் பார்த்து, நொறுங்கிக் கிடக்கிற குழலையும் பார்த்து, பழியைச் சரக்கின் மேல் போட்டுத் தவித்திருப்பார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் என்னைக் கஞ்சிப் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். டச் ஸ்கிரீனில் பளிச்சென்று வெப்பநிலை ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில், கண்ணாடி கீறிப்போன, கஞ்சி தெறித்துக் காய்ந்த ஒரு முள் கேஜ். எந்தக் கம்ப்யூட்டரோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"புது மெஷின் வந்தப்ப இதக் கழட்டிரலாமுன்னு சொன்னாங்க. நான் விடலீங். சென்சார் போயிருச்சுன்னா ஸ்கிரீன் பொய் சொல்லுமுங், முள்ளு சொல்லாது."

நாடுகளே உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வந்துசேர்ந்த பாதுகாப்புப் பாடம் அது. இவருக்கு ஒரு சென்சார் ரிப்பேரில் கிடைத்துவிட்டது.

சரி, நடான்ஸ் இணையத்தோடு சேராத இடமாயிற்றே, உள்ளே எப்படிப் போனது? பென் டிரைவ். அதைச் செருகி ஃபோல்டரைத் திறந்து ஐகானைக் கண்ணால் பார்த்தால் போதும், எதையும் கிளிக் செய்ய வேண்டாம், தொற்றிவிடும். நான் திரும்பி அண்ணனின் இடுப்பைப் பார்த்தேன். சாவிக் கொத்து: வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, பேனல் சாவி, பழனி முருகன், அந்த முருகனுக்குப் பக்கத்தில் தொப்பி தொலைந்துபோன ஒரு பென் டிரைவ். டச் ஸ்கிரீனுக்குப் புரோகிராம் ஏற்ற அதுதான். திருப்பூர்ப் பக்கம் போனால் எம்பிராய்டரிக்கு டிசைன் பென் டிரைவில் வரும், காலர் மெஷினுக்கும் அப்படியே. டிசைனர் வீட்டுக் கணினியிலிருந்து ஜாப் ஒர்க் செட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு செட்டுக்கு. சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப்போ காலையில் பல்லடம், மத்தியானம் சோமனூர், சாயங்காலம் அவினாசி. ஸ்டக்ஸ்நெட் எழுதியவர்கள் நம்பியது இப்படிப்பட்ட ஒரு லேப்டாப்பைத்தான். பூட்டிய கோட்டைக்குள் காண்ட்ராக்டர்காரர் எப்படியும் போவார், அவரோடு நாமும் போய்விடலாம் என்று.

அந்த வைரஸ் இந்தியாவுக்கும் வந்தது. வந்தது என்ன, கூடாரமே போட்டது! 2010 செப்டம்பர் கடைசியில் சைமன்டெக் எண்ணியபோது உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகளில் ஸ்டக்ஸ்நெட் இருந்தது. ஈரானில் 58 சதவீதம், இந்தோனேசியாவில் 18 சதவீதத்துக்குப் பக்கம், மூன்றாம் இடம் இந்தியா, 10 சதவீதத்துக்குப் பக்கம். தேடிய டிரைவ் கிடைக்காததால் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போனது.

இங்கே ஒரு கிளைக்கதை, விட மனசில்லை. அதே 2010 ஜூலையில் சன் டைரக்ட் வைத்திருந்த வீடுகளில் சேனல்கள் காணாமல் போனது நினைவிருக்கிறதா? இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத்தகடு ஒன்றில் மின்கோளாறு, பாதி டிரான்ஸ்பான்டர்களை நிறுத்தவேண்டி வந்தது. அதற்கும் ஸ்டக்ஸ்நெட்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஜெஃப்ரி கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஊகத்தைக் கிளப்பினார். இஸ்ரோ மறுத்தது, ஆதாரமும் எதுவும் வரவில்லை. எனக்கு இஸ்ரோ சொன்னதில் நம்பிக்கை. ஆனாலும் மெகா சீரியலைக் கெடுத்தது ஒரு சர்வதேசச் சதி என்று ஒரு வாரமாவது பேசிக்கொண்டார்களே, அந்தச் சுகம் தனி.

ஊகத்தை விடுங்கள். நிஜமாகவே ஒரு நாட்டு ஹேக்கர்களின் உளவு நிரல் வந்து உட்கார்ந்த இடம் நம் மாநிலத்தில் இருக்கிறது. கூடங்குளம்.

2019 செப்டம்பர் 4. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் ஏதோ நுழைந்திருக்கிறது என்று இந்திய அணுமின் கழகத்துக்கு மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தருகிறது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் விசாரிக்கிறார்கள். வெளியுலகத்துக்கு மூச்சு விடவில்லை. ஏறத்தாழ எட்டு வாரம் கழித்து, அக்டோபர் 28 அன்று, ஒரு வைரஸ் மாதிரி இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. டிட்ராக் என்கிற உளவு நிரல். அதற்குள்ளேயே கேகேஎன்பிபி என்ற பெயர் பொறித்துக் கிடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம்! அதாவது, கண்ட இடத்திலும் திரிந்து தற்செயலாக வந்து விழுந்த வைரஸ் இல்லை. முன்பே ஒரு தரம் உள்ளே வந்து, கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அந்த எண்ணையே உடம்பில் எழுதிக்கொண்டு திரும்பி வந்த ஆள்.

தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பில் முன்பு வேலை பார்த்த புக்ராஜ் சிங், இதை செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசுக்குச் சொல்லிவிட்டேன் என்று பொதுவெளியில் எழுதினார். மறுநாள், 29-ஆம் தேதி, நிலையத்தின் தகவல் அதிகாரி ஆர். ராம்தாஸ் பெயரில் மறுப்பு வருகிறது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவது, இணையத்தோடு சேராதது, அதன் மேல் சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பில்லை. அதற்கும் மறுநாள், 30-ஆம் தேதி, தலைமையான அணுமின் கழகமே இன்னொரு அறிக்கை விடுகிறது: வைரஸ் இருந்தது உண்மைதான், நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த ஒருவரின் கணினியில் இருந்தது, உலையை ஓட்டும் வலைப்பின்னல் தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வியை நழுவவிட்டது. இதற்குள் இன்னொரு புரளி வேறு. அக்டோபர் 19 அன்று இரண்டாவது உலை நின்றிருந்தது, எல்லாம் இதனால்தான் என்று ஃபார்வர்டு பறந்தது. அது நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் குறைந்ததால் நின்றது என்றது நிர்வாகம். இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை.

டிட்ராக் எதையும் உடைக்கிற ரகம் இல்லை. என்ன தட்டுகிறார்கள், எந்த இணையதளத்துக்குப் போனார்கள், கணினியில் என்னென்ன கோப்புகள், பக்கத்தில் வேறு என்னென்ன கணினிகள் என்று பட்டியல் போட்டு மூட்டை கட்டுவது அதன் வேலை. அதே செப்டம்பரில்தான் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் இதைக் கண்டதாகச் சொல்லி, வடகொரியாவின் லாசரஸ் கும்பலோடு சேர்த்துப் பேசியிருந்தது. இதன் அண்ணன்காரன் ஏடிஎம்டிட்ராக், இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரம் திருடப் பிறந்தவன். அண்ணன் ஏடிஎம்முக்கு, தம்பி அணுமின் நிலையத்துக்கு!

நிர்வாகக் கணினிதானே என்று தோள் குலுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. எந்த வால்வை எந்தக் காண்ட்ராக்டர் மாற்றுகிறார், எந்த வாரம் பராமரிப்பு, யார் யார் லேப்டாப்போடு உள்ளே வருவார்கள் என்பதெல்லாம் அந்த நிர்வாகக் கணினியில்தானே இருக்கும்? பென் டிரைவை யார் பையில் போடலாம் என்று தேடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

2021 பிப்ரவரி 28 அன்று இன்னொன்று வெளிவந்தது. ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனாவோடு தொடர்புள்ள ரெட்எக்கோ என்ற கும்பல் இந்திய மின்துறையின் வலைப்பின்னல்களைத் துழாவுகிறது என்று பட்டியல் கொடுத்தது. மின்சாரத்தைப் பங்கு பிரித்து அனுப்பும் ஐந்து மண்டல மையங்களில் நான்கு அதில் இருந்தன. தமிழ்நாட்டையும் பார்த்துக்கொள்கிற பெங்களூரு மையமும் ஒன்று. இரண்டு துறைமுகங்களும் இருந்தன. ஒன்று மும்பை, இன்னொன்று திருப்பூர்ப் பனியன் பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறும் தூத்துக்குடி. 2020 அக்டோபரில் மும்பை இருண்டதை இதோடு சேர்த்து மகாராஷ்டிர அமைச்சர் பேச, மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் அது மனிதத் தவறு என்றார். அந்த வழக்கு அப்படியே இழுபட்டுக் கிடக்கட்டும், நாம் உக்ரைனுக்குப் போவோம். அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

2015 டிசம்பர் 23, மத்தியானம். மேற்கு உக்ரைனின் இவானோ-ஃப்ராங்கிவ்ஸ்க் பகுதி மின்விநியோக நிறுவனம். திரைக்கு முன்னால் ஊழியர் உட்கார்ந்திருக்கிறார், மவுஸில் கை வைக்கவில்லை. அம்புக்குறி தானாக நகர்கிறது! பிரேக்கர் படத்தின் மேல் போகிறது. கிளிக். ஒரு சப்ஸ்டேஷன் அணைகிறது. அடுத்ததற்குப் போகிறது. கிளிக். அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் கேட்கவில்லை, அவரையே வெளியே தள்ளிக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டது. அதே நேரத்தில் கன்ட்ரோல் ரூமின் யுபிஎஸ்ஸையும் அணைத்தார்கள். இருட்டில் புகார் செய்ய மக்கள் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை, கள்ள அழைப்புகளால் அடைத்து வைத்திருந்தார்கள். மூன்று நிறுவனங்கள், சுமார் 2,25,000 இணைப்புகள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்தவர்கள் மேல் அமெரிக்கா பின்னால் குற்றம் சாட்டியது.

அடுத்த காட்சிக்குத்தான் விசில் அடிக்கவேண்டும். உக்ரைன்காரர்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொண்டிருக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு பனியில் ஒவ்வொரு சப்ஸ்டேஷனாகப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. திரும்பக் கணினியை நம்பி ஓட்டத்தான் மாதக்கணக்கில் ஆனது. பழைய பாணியில் கையால் போட்டு எடுக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இன்னும் வேலையில் இருந்தார்கள். புயல் அடித்த மறுநாள் கம்பத்தில் ஏறுகிற நம் வயர்மேன்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்லி டீ வாங்கிக் கொடுக்கவேண்டும்.

சைசிங்கிலிருந்து பீம் போகிற வழியிலேயே நானும் போய் ஒரு சாதாத் தறி ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். காடா ஓடிக்கொண்டிருந்தது. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும். தறி ஓட்டுகிறவர் என் கேள்வியைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்குள்ள எங்கீங் வைரஸ் போறது? மோட்டாரு, பெல்ட்டு, கட்டை. அமெரிக்காக்காரனே வந்தாலும் நாடாவத்தான் புடிச்சு நிறுத்தோணும்!" பேச்சு நடுவில் சட்டென்று நிறுத்தி, நாலு தறி தள்ளி இருந்த ஒன்றை நோக்கி நடந்தார். ஊடை தீரப்போகிறதாம். எனக்குக் கேட்ட சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பி வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்: "ஆனா கரண்ட்ட நிறுத்திப்போட்டானுங்கன்னா சோலி முடிஞ்சுதுங். பன்னெண்டாம் வருசம் பட்டது போதாதுங்களா?" 2012 மின்வெட்டை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

சோமனூர் சைசிங்கை எந்த நாட்டு ஹேக்கர் சீண்டப்போகிறான் என்று கேட்கலாம். குறிவைத்து வரமாட்டான் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை ஒரகடத்தைக் குறிவைத்தா வந்தது? வடகொரியா கட்டவிழ்த்ததாக அமெரிக்காவும் பிரிட்டனும் சொன்ன வைரஸ், ஊரெல்லாம் சுற்றி வந்து ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனது. யானைகளுக்கு நடுவில் சண்டை என்றால் மிதிபடுவது எப்போதும் பக்கத்துத் தோட்டம்.

திருப்பூரில் சாயத்தண்ணீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போகக்கூடாது என்று சவ்வூடு வடிகட்டி, கொதிகலன், உப்பு பிரிக்கும் எந்திரம் என்று கட்டி எழுப்பியவை. வால்வு திறப்பது, மருந்து விடுவது எல்லாம் பிஎல்சியும் திரையும்தான். உள்ளூர்ப் பொறியாளர்கள் இதை ஓட்டுகிற நேர்த்தியை வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் திரை ஒரு நாள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஒத்திகை பார்த்துவைத்தால் தேவலை.

ஏனென்றால் உள்ளே பேசிக்கொள்கிற மொழிக்கே பூட்டு கிடையாது. நம் பேனலில் பிஎல்சியும் டிரைவும் பெரும்பாலும் மோட்பஸ் என்கிற முறையில் பேசிக்கொள்கின்றன. 1979-இல் பிறந்தது. யார் கட்டளையிட்டாலும் "சரிங்க" என்று கேட்டுக்கொள்ளும், நீ யார் என்று கேட்கத் தெரியாது. 2024 ஜனவரியில் உக்ரைனின் லிவிவ் நகரில், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த சமயம், ஃப்ராஸ்டிகூப் என்ற வைரஸ் இதே மோட்பஸில் வெப்பமூட்டும் நிலையத்துக்குப் பொய்க் கட்டளை அனுப்பியது. 600-க்கு மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டு நாள் போல விறைத்துக் கிடந்தன.

"பூட்டே இல்லீங்களா?" அண்ணனுக்கு முகம் மாறியது.

சாவி இருந்த இடத்தில் நடந்ததையும் சொன்னேன். 2017-இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலை. வெடிக்காமல் காப்பதற்கென்றே வைத்திருந்த பாதுகாப்புக் கன்ட்ரோலரைத் தாக்கியது ட்ரைட்டன் என்ற வைரஸ். அந்தப் பெட்டியின் முகத்தில் ஒரு சாவி உண்டு. அதை ரன்னில் திருப்பிவைத்தால் வெளியிலிருந்து புரோகிராமை மாற்ற முடியாது. யாரோ அதைப் புரோகிராம் பக்கமே விட்டுவைத்திருந்தார்கள். வைரஸ் உள்ளே போனது. நல்லவேளையாக அதில் இருந்த பிசகால் ஆலை தானாக நின்று தப்பியது. அண்ணன் நான் முடிப்பதற்குள் தன் பிஎல்சியின் சின்னச் சுவிட்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ரன்னில்தான் இருந்தது. நிமிர்ந்தபோது பெருமை தாங்கவில்லை.

கடைசியாக அமெரிக்கக் கதை. 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிக்விப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் வாரியத்தில், பிஎல்சித் திரை சிவந்து, இஸ்ரேல் தயாரிப்பு எல்லாம் எங்கள் இலக்கு என்று மிரட்டல் வாசகம் வந்தது. ஈரான் புரட்சிப் படையோடு தொடர்புள்ள கும்பல் என்றது அமெரிக்க அரசு. ஊழியர்கள் கையால் பம்பை ஓட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த வரிசைத் தாக்குதலில் மாட்டிய அந்த இஸ்ரேல் கம்பெனிப் பிஎல்சிகளுக்குத் தயாரிக்கும்போதே போட்டுத் தந்த கடவுச்சொல் 1111. அதை மாற்றாமல் இணையத்தில் திறந்து வைத்தவர்கள்தான் சிக்கினார்கள்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் டச் ஸ்கிரீன் பக்கம் போனார். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு நாலு தட்டுத் தட்டினார். ஏதோ மெனு திறந்தது. மறுபடி தட்டினார்.

"என்னண்ணா, உங்களுதும் 1111-தானா?"

"இருந்துச்சுங்" என்றார். "இப்ப இல்லீங்."

"புதுசு என்ன?"

"அத உங்ககிட்டச் சொல்லுவனுங்களா அம்மிணி? பத்திரிகைக்காரங்க வேற!"